தோட்டத்துக்கு வரும் நோயுற்ற நரி: விட்டுவிடுவதா, மருந்து வைப்பதா, பிடித்துக் கொடுப்பதா?

மாலை மங்கும் நேரம் தோட்டத்து ஓரத்தில் ஒரு செந்நரி வந்து நிற்கிறது. வால் குச்சி மாதிரி இருக்கிறது. பின்தொடையில் மயிரே இல்லை. நின்ற இடத்திலேயே பின்காலைத் தூக்கிச் சொறிகிறது, நாலடி நடக்கிறது, மறுபடி சொறிகிறது. அடுத்த நாளும் வருகிறது. ஏதாவது செய்ய வேண்டும் என்பது வரை எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான். அதற்கு மேல்தான் குழப்பம். காட்டு விலங்கு, அதன் பாட்டுக்கு விடு என்கிறார் ஒருவர். கறித்துண்டில் மருந்தை வைத்துப் போடு என்கிறார் இன்னொருவர். கூண்டு வைத்துப் பிடி என்கிறார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் ஏதோ ஒரு நரிக்குச் சரி, எல்லா நரிக்கும் சரியில்லை.

'நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி' என்று ஒரு பழமொழி உண்டு. நோயுற்ற நரி விஷயத்தில் அது கொஞ்சம் மாறுகிறது. அது எப்படிப் போகிறது என்பதுதான் நமக்குக் கிடைக்கும் முதல் தகவல்.

## முதலில், அது நோய்தானா?

நரி ஆண்டுக்கு ஒருமுறை மயிர் உதிர்க்கும். குளிர்காலத்துத் தடித்த மயிர் வசந்தத்தில் கொத்துக் கொத்தாக விழத் தொடங்கி, கோடை முழுக்க அது பஞ்சு பிய்ந்த தலையணை போலத் திரியும். இதைச் சொறி என்று நினைத்துப் பதறுபவர்கள் நிறைய. வித்தியாசம் எளிது. இயல்பான உதிர்வு கீழ்க்கால்களில் தொடங்கி மேலே ஏறும். உதிர்ந்த இடத்தில் குட்டையான புது மயிர் இருக்கும், தோல் தெரியாது. சொறி பெரும்பாலும் வாலின் அடியிலும் பின்தொடையிலும் தொடங்கும். அங்கே வெறும் தோல், சாம்பல் நிறப் பொருக்கு, புண். ஓயாத அரிப்பு வேறு.

நொண்டும் நரியும் அடிக்கடி தென்படும். காலை ஊன்றி, வேகமாக ஓடி, வேலியைத் தாண்டிப் போகிறதென்றால் அது பெரும்பாலும் தானே ஆறிவிடும். மூன்று காலில் பிழைப்பை ஓட்டும் நரிகள்கூட உண்டு. பகலில் வருவதும் நோய்க்கு அடையாளம் இல்லை. குட்டி வளர்க்கும் பருவத்தில் தாய்க்கு இராத்திரி மட்டும் போதாது.

கவலைப்பட வேண்டிய நோய்களில் முதலாவது சொறிதான். அதை உண்டாக்கும் சார்காப்டஸ் என்பது சிலந்தி இனத்தைச் சேர்ந்த, கண்ணுக்குப் புலப்படாத எட்டுக்கால் பூச்சி. பெண் பூச்சி தோலின் மேலடுக்கைக் குடைந்து, சுரங்கம் போட்டு, அதற்குள் முட்டையிடும். சில நாளில் முட்டை பொரியும். இரண்டு மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை முட்டையிடத் தயார். அரிப்புத் தாங்காமல் நரி தன்னைத்தானே கடித்துக் கிழித்துக்கொள்ள, புண்ணில் சீழ் வைக்கிறது. கண்ணைச் சுற்றிப் பொருக்குக் கட்டிவிட்டால் கண் திறக்காது. மயிர் போனதால் உடம்புச் சூடு நிற்காது, வேட்டைக்குத் தெம்பிருக்காது. முற்றிய சொறி கவனிக்கப்படாமல் போனால் சில மாதங்களில் சாவுதான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்குள் 1994இல் இந்தச் சொறி நுழைந்தபோது, இரண்டே ஆண்டுகளில் அங்கிருந்த நரிகளில் 95 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தன. அதே சமயம், லேசாகப் பிடித்த நரிகள் சில தாமாகவே தேறுவதும் உண்டு.

இன்னொரு வகை நோய் மூளையைத் தாக்குவது. தள்ளாட்டம், ஒரே இடத்தில் வட்டமடிப்பது, எச்சில் ஒழுகுவது, தாடை தொங்குவது, காரணமில்லாமல் சீறுவது, அல்லது வீட்டு நாய் போல அசட்டையாக அருகில் வந்து நிற்பது. இது ரேபிஸாக இருக்கலாம், நாயினத்தைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோயாக இருக்கலாம். பார்வையால் பிரித்துச் சொல்ல மருத்துவராலும் முடியாது. ரேபிஸ் உள்ள நாட்டில் இந்த அறிகுறியைக் கண்டால் கீழே உள்ள ஒப்பீடெல்லாம் வேண்டாம். குழந்தைகளையும் வளர்ப்பு விலங்குகளையும் உள்ளே அழைத்துக்கொண்டு, உரிய துறைக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். கடியோ கீறலோ பட்டிருந்தால், அல்லது எச்சில் புண்ணில் பட்டிருந்தால், 15 நிமிடம் சோப்பும் ஓடும் நீரும் விட்டுக் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும். அறிகுறி தோன்றிய பின் ரேபிஸுக்கு மருந்தில்லை.

## எதை வைத்து எடைபோடுவது?

நான் முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்று: கதவைத் திறந்தால் அது ஓடுகிறதா? ஓடும் நரிக்கு இன்னும் கண் தெரிகிறது, காது கேட்கிறது, கால் ஓடுகிறது. அதைப் பிடிப்பதும் கடினம். பிடிக்க வேண்டிய அவசரமும் இல்லை. ஓடாமல் சுருண்டு கிடக்கும் நரி, நாம் கிட்டே போனாலும் தலையை மட்டும் தூக்கிப் பார்க்கும் நரி, அது வேறு கதை. நம்மை நம்பி அது அங்கே படுத்திருக்கவில்லை, எழுந்து ஓடத் தெம்பில்லாமல் கிடக்கிறது.

அப்புறம் நாலு கேள்வி. நாம் கொடுப்பது இந்த நரிக்குத்தான் போய்ச் சேருமா? போய்ச் சேராவிட்டால் அதைத் தின்னும் மற்ற உயிருக்கு என்ன ஆகும்? எத்தனை வாரம் இதற்காக உட்கார முடியும்? உள்ளூர்ச் சட்டம் எதை அனுமதிக்கிறது? செலவை நான் கடைசியில்தான் வைக்கிறேன். இந்த விஷயத்தில் பணத்தைவிடப் பொறுமைதான் அதிகம் கரையும்.

## வழி 1: அப்படியே விட்டுவிடுவது

இதைக் கல்நெஞ்சம் என்று நினைக்க வேண்டாம். மயிர் உதிர்க்கும் நரிக்கும், ஊன்றி நொண்டும் நரிக்கும், குட்டிகளைக் கவனிக்கும் மெலிந்த தாய்க்கும் இதைவிட நல்ல உதவி இல்லை. ஒரு அகலமான தட்டில் தண்ணீர் வையுங்கள், தினமும் கழுவி மாற்றுங்கள். முடிந்தால் இரண்டு நாளைக்கு ஒருமுறை தூரத்திலிருந்து படம் எடுத்து வையுங்கள். படம் இருந்தால்தான் தொடையில் இருந்த வழுக்கை இடுப்புக்கு ஏறியிருப்பது தெரியும். தினமும் பார்க்கும் கண்ணுக்கு அது பிடிபடாது.

இதில் ஒளிந்திருக்கும் விலை காலம்தான். 'இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்' என்பது நாலு வாரமாகிவிடும். அந்த நாலு வாரத்தில் தொடையில் இருந்த சொறி முகத்துக்கு வந்து, எளிதாகத் தீர்ந்திருக்கக்கூடியது கடினமாகிவிடும். உங்களிடம் நாய் இருந்தால் இன்னொரு விலையும் உண்டு. நரி படுத்த இடத்தில் நாய் புரண்டால் பூச்சி ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த ஈரமான இடத்தில் உடம்பை விட்டு விலகியும் பல நாள் உயிரோடு இருக்கும் பூச்சி அது. மனிதருக்கும் அரிப்பு வரும், ஆனால் நம் தோலில் அதனால் நிலைத்துப் பெருக முடியாது என்பதால் அந்த அரிப்பு தானே அடங்கிவிடும்.

## வழி 2: சாப்பாடு மட்டும் வைப்பது

பலரும் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். வைக்கும் கறியைப் பார்த்து நரியும் வருகிறது, நமக்கும் மனசு நிறைகிறது. ஆனால் சாப்பாடு பூச்சியைக் கொல்லாது. சொறி பிடித்த நரி ஒன்று வருகிற இடத்துக்கு, சாப்பாட்டுக்காக மற்ற நரிகளும் வந்து உரசிக்கொண்டால் நாமே நோயைப் பரப்பியவர்கள் ஆகிறோம். நெருக்கமாக நரிகள் வாழும் இடத்தில் சொறி காட்டுத்தீ போலப் பரவுவதற்குத் தொடுகையும் ஒரே வளையில் மாறி மாறிப் படுப்பதும்தான் காரணம்.

கையால் ஊட்டுவது இன்னும் மோசம். மனிதரைக் கண்டு ஓடாத நரி, அடுத்த வீட்டில் நின்றால் அங்கே அதை ரசிக்க மாட்டார்கள்.

ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் இந்த வழி சரி: அடுத்து மருந்தோ கூண்டோ வரப்போகிறது என்று முடிவான பிறகு. அப்போது ஒரே இடம், ஒரே நேரம், சிறு அளவு. அது பழகட்டும் என்பதற்காக வைப்பது, வயிறு நிறைய அல்ல.

## வழி 3: சாப்பாட்டில் மருந்து வைப்பது

அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் தவறாகச் செய்யப்படுவதும் இதுதான். மருந்து வேலை செய்யுமா என்றால், செய்யும். ஐவர்மெக்டின் வகை மருந்துகள் சொறிப் பூச்சியைக் கொல்கின்றன. ஆனால் முட்டையைக் கொல்வதில்லை. அதனால் ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து, பொரித்து வந்தவற்றுக்காக மறுபடி கொடுக்க வேண்டும். சில சமயம் மூன்றாவது தவணையும் தேவை. முதல் தவணை தின்ற நரி இரண்டாவதற்கு வராவிட்டால் நாம் பாதி வைத்தியம்தான் செய்திருக்கிறோம். நாய்களுக்கான புதிய மருந்துகளில் ஃப்ளூரலானர் போன்றவை ஒரே தவணையில் பல வாரம் உடம்பில் நிற்கின்றன. வருமோ வராதோ என்ற விலங்குக்கு இது பெரிய வசதி. பழைய வளைக்கே திரும்பிப்போய்ப் படுத்து மறுபடி பூச்சி ஏறினாலும் மருந்து காத்திருக்கும். எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எடையைக் கண்ணால் மதிப்பிட்டுத்தான் கொடுக்கப் போகிறோம். வளர்ந்த செந்நரி நாம் நினைப்பதைவிட இலேசானது, பெரும்பாலும் 5 முதல் 7 கிலோ. நோயில் மெலிந்தது இன்னும் குறைவு. பல இடங்களில், தான் பார்க்காத விலங்குக்கு மருத்துவர் மருந்து எழுதித் தர மாட்டார். அதையும் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

உண்மையான சிக்கல் மருந்தில் இல்லை, அதைக் கொண்டு சேர்ப்பதில் இருக்கிறது. 1978இல் சுவிட்சர்லாந்தில் கோழித் தலைகளுக்குள் ரேபிஸ் தடுப்பு மருந்தை வைத்து நரிகளுக்காகப் போட்டார்கள். அந்த முறை வளர்ந்துதான் மேற்கு ஐரோப்பாவிலிருந்து நரி ரேபிஸ் ஒழிந்தது. 'அப்படி வீசிப் போடலாமே, நாமும் போட்டால் என்ன' என்று தோன்றும். அங்கே நோக்கமே எத்தனை நரி தின்றாலும் லாபம் என்பது. ஒரே நரி இரண்டைத் தின்றாலும் பாதகமில்லை. சொறி மருந்தில் அளவு தவறினால் அது மருந்தில்லை. குறிப்பாக ஆபத்தில் இருப்பவை கோலி என்னும் மேய்ப்பு நாய்களும் அவற்றின் உறவு இனங்களும். மருந்தை மூளைக்குள் போகவிடாமல் தடுக்கும் மரபணு பலவற்றில் பழுதாகியிருக்கும், ஐவர்மெக்டின் கலந்த தீனி அவற்றைக் கொன்றுவிடலாம். ஃப்ளூரலானர் வகையிலும் வலிப்பு வந்த நாய்களுக்கு எச்சரிக்கை உண்டு. ஆஸ்திரேலியாவில் வாம்பட் என்னும் வளைவாழ் விலங்குக்கும் இதே சொறிதான். அதன் வளை வாசலில் ஒரு மடிப்பைத் தொங்கவிட்டு, அதைத் தள்ளிக்கொண்டு நுழையும்போது மருந்து முதுகில் கொட்டும்படி செய்கிறார்கள். மருந்து யாருக்குப் போகிறது என்பதில் அவ்வளவு அக்கறை தேவைப்படுகிறது.

நமக்கு அந்த மடிப்பு இல்லை, அதனால் நாமே காவலிருக்க வேண்டும். சில நாள் வெறும் தீனி வைத்து நேரத்தைப் பழக்குங்கள். மருந்து வைக்கும் நாளில், நரி கண்ணில் பட்ட பிறகுதான் வெளியே வைக்க வேண்டும். ஒரே வாயில் விழுங்கும் அளவுக்குச் சின்னத் துண்டு. பெரிய துண்டென்றால் கவ்விக்கொண்டுபோய்ப் புதைத்துவிடும், அதைத் தோண்டித் தின்பது யார் என்று யாருக்கும் தெரியாது. அது விழுங்குவதைக் கண்ணால் பாருங்கள். தின்னவில்லையென்றால் உடனே எடுத்துவிடுங்கள். இரண்டு நரி வந்தால் அன்றைக்கு வைக்கவே வேண்டாம்.

இதன் மறைமுக விலை: மூன்று நாலு வாரத்து மாலைப்பொழுதுகள். அப்புறம் அக்கம்பக்கத்து உறவு. நாய், பூனை வளர்க்கும் பக்கத்து வீட்டாரிடம் சொல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

ஹோமியோபதிச் சொட்டுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அவை பூச்சியைக் கொல்லும் என்பதற்குச் சான்று இல்லை. லேசான சொறி தானே ஆறியதைச் சொட்டின் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். அதன் உண்மையான கெடுதல், நாலு வாரத்தை விழுங்கிவிடுவதுதான். கழிவு எண்ணெய், பூண்டு முதலான வீட்டு வைத்தியங்கள் அதைவிட மோசம். எண்ணெய் நஞ்சு, பூண்டு நாயினத்து விலங்குகளின் இரத்தத்துக்குக் கேடு.

ஆக, இந்த வழி யாருக்கு? ஓடுகிற, கண் திறந்திருக்கிற, தினமும் ஒரே நேரத்தில் தனியாக வருகிற நரிக்கு. உடம்பில் கால்வாசிக்கு மேல் சொறி ஏறாதபோது. இதில் ஒன்று இல்லையென்றாலும் நான் தயங்குவேன்.

## வழி 4: மீட்புக் குழுவை அழைத்துப் பிடித்துக் கொடுப்பது

கண் மூடிய நரி, எழுந்திருக்க முடியாத நரி, எலும்பு வெளியே தெரியும் முறிவு, ஈ மொய்க்கும் புண். இவற்றுக்கு வேறு வழியே இல்லை. முற்றிய சொறியில் பூச்சியைக் கொல்வது பாதி வேலைதான். உடம்பில் நீர் வற்றியிருக்கும், புண்ணில் கிருமி இருக்கும். ஊசி, நீரேற்றம், சூடான படுக்கை எல்லாம் உள்ளே வைத்துத்தான் முடியும்.

ஆனால் இதுவும் இலவசமில்லை. காட்டு விலங்குக்குக் கூண்டே ஒரு நோய். வளர்ந்த நரியை வாரக்கணக்கில் அடைத்து வைத்தால், அது திரும்பும்போது அதன் எல்லையை வேறு நரி பிடித்திருக்கலாம். குட்டி வளர்க்கும் பருவத்தில் பால் கொடுக்கும் தாயைப் பிடித்தால் வளைக்குள் குட்டிகள் பட்டினி கிடக்கும். வயிற்றில் மயிர் விலகிக் காம்புகள் தெரிகின்றனவா என்பதைப் படத்தில் பார்த்துச் சொல்லுங்கள், குழுவுக்கு அது மிக முக்கியம். கூண்டு சில நாள் உங்கள் தோட்டத்தில் இருக்கும். அதில் பக்கத்து வீட்டுப் பூனை சிக்கினால் இரவு இரண்டு மணிக்கு எழ வேண்டியது நீங்கள்தான்.

பலர் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: 'பிடித்த பிறகு என்ன செய்வீர்கள்?' ஆஸ்திரேலியாவில் செந்நரி வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டுப் பெருகிய விலங்கு. பிடித்ததை மறுபடி வெளியே விடச் சட்டம் பொதுவாக இடம் தராது. ரேபிஸ் பரவும் சில பகுதிகளில் நரியைச் சிகிச்சைக்கு எடுக்கவே தனி உரிமம் வேண்டும். அத்தகைய இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நரியைப் பிடித்துக் கொடுப்பது, வைத்தியத்துக்கு அல்ல, ஊசி போட்டு முடிப்பதற்கு அனுப்புவதாகிவிடும். முற்றிய நிலையில் அதுவும் ஓர் இரக்கம்தான். கண்ணும் தெரியாமல், இரையும் கிடைக்காமல் குளிரில் சாவதைவிட அது மேல். ஆனால் தெரிந்து அழைப்பது வேறு, தெரியாமல் அழைத்துவிட்டுப் பின்னால் அழுவது வேறு.

## வழி 5: நாமே பிடிப்பது

வேண்டாம். கடிக்கும், பல இடங்களில் சட்டப்படி குற்றம், பிடித்த பின் எங்கே கொண்டுபோவது என்றும் தெரியாது. அசையாமல் கிடக்கும் நரியை வண்டிப் பாதையிலிருந்து நகர்த்தியே ஆக வேண்டும் என்ற நிலை ஒன்றுதான் விதிவிலக்கு. அப்போதும் மீட்புக் குழுவிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே செய்யுங்கள்.

## ஒரு பார்வையில்

| வழி | பொருந்தும் நரி | ஒளிந்திருக்கும் விலை | எப்போது கூடாது |
|---|---|---|---|
| விட்டுவிடுவது | மயிர் உதிர்ப்பது, ஊன்றி நொண்டுவது | நோய் முற்றுவது தெரியாமல் போகும் | வழுக்கை பரவும்போது |
| சாப்பாடு மட்டும் | மருந்துக்கோ கூண்டுக்கோ பழக்க வேண்டியது | மற்ற நரிகளுக்குத் தொற்று | அடுத்த படி எதுவும் இல்லாதபோது |
| தீனியில் மருந்து | ஓடும், தனியே வரும், தொடக்கநிலைச் சொறி | வாரக்கணக்கில் காவல், நாய் பூனைக்கு ஆபத்து | பல நரிகள் வரும் இடம், மருத்துவர் இல்லாமல் |
| மீட்புக் குழு | ஓடாதது, கண் மூடியது, ஆழ்ந்த காயம் | எல்லை போகும், குட்டி பட்டினி, உயிரே போகலாம் | இலேசான நோயில், பால் கொடுக்கும் தாய்க்கு யோசிக்காமல் |
| நாமே பிடிப்பது | எதுவுமில்லை | கடி, வழக்கு | எப்போதும் |

## இரண்டு வழிக்கும் நடுவில் நிற்கும் நரி

ஓடுகிறது, ஆனால் மெதுவாக. ஒரு கண் மூடியிருக்கிறது, ஒன்று திறந்திருக்கிறது. சொறி பாதி உடம்பு. இந்த நரிக்குத்தான் பதில் கடினம். என் சாய்வு மீட்புக் குழுவை அழைக்கும் பக்கம். மருந்து வேலை செய்யத் தொடங்க எடுக்கும் ஓரிரு வாரம் அதனிடம் இருக்கிறதா என்பதே சந்தேகம். பக்கத்தில் மீட்புக் குழுவே இல்லை, அல்லது பிடித்தால் கொல்வார்கள் என்பது உறுதி என்றால், மருத்துவரிடம் படத்தைக் காட்டிவிட்டு, நீண்ட நாள் நிற்கும் ஒற்றைத் தவணை மருந்தை முயல்வேன். அதை விழுங்கி ஒரு வாரத்தில் நடை தேறவில்லையென்றால் மறுபடி தொலைபேசியை எடுப்பேன்.

அழைக்கும்போது படம், வரும் நேரம், எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் போகிறது, வேறு நரி உண்டா என்ற நாலையும் கையில் வைத்திருங்கள். நீங்கள் சொல்வது எவ்வளவு துல்லியமோ அவ்வளவு குறைந்த நாள் கூண்டு தோட்டத்தில் நிற்கும்.

மருந்து பிடித்தால் முதலில் சொறிவது குறையும், அப்புறம் பொருக்கு உதிரும். இளஞ்சிவப்பாகத் தோல் தெரிந்து, அதன்மேல் பட்டுப்போல மயிர் முளைக்கச் சில வாரங்கள் ஆகும். வால் கடைசியில்தான் நிறையும். பொருக்கு உதிர்ந்ததும் தீனியை ஒரு நாள் விட்டு ஒரு நாளாக்கி, பிறகு நிறுத்திவிடுங்கள். இரண்டு மூன்று மாலை அது வந்து, வெறும் தரையை மோந்து பார்த்துவிட்டுப் போகும்.